நம் காலடி மண் எவ்வளவு அதிரும்?

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு மாணவி

முன்னுரை

மலைப்பொழிவின் முடிவில் நம் ஆண்டவர் கூறிய உவமையை மறைக்கல்வி வகுப்பில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அறிவுள்ளவன் பாறையின்மேல் வீடு கட்டினான். அறிவிலி மணலின்மேல் கட்டினான். மழையும் வெள்ளமும் காற்றும் வந்தபோது எந்த வீடு நின்றது, எந்த வீடு விழுந்தது என்பதை யாவரும் அறிவோம்.

ஆனால் கடலூரிலும் சிதம்பரத்திலும் வாழும் நமக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பே. நம் ஊரில் பாறை எங்கே இருக்கிறது? தென்பெண்ணையும் கெடிலமும் வெள்ளாறும் கொள்ளிடமும் காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டலும் களிமண்ணும் மணலும் அல்லவா நம் காலடியில் உள்ளன? அப்படியானால் நாம் எல்லோரும் அறிவிலிகள்தாமா? அன்று. கட்டுவதற்கு முன் அடியில் இருப்பது என்னவென்று அறிந்துகொண்டதே அந்த மனிதனின் அறிவு என்று நான் எண்ணுகிறேன். பாறை கிடைக்காதவர்களும் அந்த அறிவைப் பெற முடியும்.

இந்த எண்ணம் எனக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் சில மாதங்களாக மனை வாங்கும் பேச்சு நடக்கிறது. சிதம்பரத்தை அடுத்த ஓர் இடத்தைத் தந்தையார் பார்த்து வந்தார். விலை, சாலை, குடிநீர், பத்திரம் ஆகிய நான்கையும் விசாரித்தார். தாத்தா மட்டும் "அந்த இடம் முன்பு குட்டையாக இருந்தது. நாங்கள் மாடு குளிப்பாட்டியிருக்கிறோம்" என்றார். அப்போது என் தாயார் 2001ஆம் ஆண்டு நிகழ்ந்த நிலநடுக்கத்தைப் பற்றிக் கூறியது என்னைச் சிந்திக்க வைத்தது. நிலநடுக்கம் வந்தால் ஒரு மனையில் நிலம் எவ்வளவு அதிரும் என்பதை முன்கூட்டியே மதிப்பிட முடியுமா? இக்கேள்விக்கு நான் படித்தும் கேட்டும் அறிந்த விடையைத் தோழியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் கரையும் நிலநடுக்கமும்

நிலநடுக்கம் இமயமலைக்கும் ஜப்பானுக்கும் உரியது, நமக்கு அந்தக் கவலை இல்லை என்று பலர் கருதுகின்றனர். 2001 செப்டம்பர் 25ஆம் நாள் இரவு 8.26 மணியளவில் அந்தக் கருத்து சற்றே ஆட்டம் கண்டது. பாண்டிச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் ஏறத்தாழ 5.5 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. சென்னை முதல் நம் மாவட்டம் வரை மக்கள் வீடுகளை விட்டுத் தெருவுக்கு ஓடிவந்தனர்.

அன்று என் தாயார் சிதம்பரத்தில் இருந்தார். பரணில் இருந்த பாத்திரங்கள் கலகலவென்று உருண்டன. தொங்கும் விளக்கு ஊஞ்சல்போல் ஆடியது. அதே இரவில் கடலூருக்கு அருகே கேப்பர் மலைப் பக்கம் குடியிருந்த பெரியம்மாவோ, "கனமான லாரி ஒன்று போனதுபோல் இருந்தது, அவ்வளவுதான்" என்றாராம். நிலநடுக்கம் நிகழ்ந்த இடத்துக்குக் கடலூர் அருகில், சிதம்பரம் தொலைவில். அருகில் இருந்தவர் குறைவாகவும் தொலைவில் இருந்தவர் அதிகமாகவும் உணர்ந்தது ஏன்? இதை ஒரு புதிராக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் இடையில் விடை வரும்.

இது ஒன்று மட்டுமன்று. 1867ஆம் ஆண்டில் விழுப்புரம் பகுதியிலும், 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் கோயம்புத்தூர்ப் பகுதியிலும் நிலநடுக்கங்கள் நிகழ்ந்துள்ளன. கோயம்புத்தூரில் நிகழ்ந்தது ஏறத்தாழ 6 அளவுடையது. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அது உணரப்பட்டது. ஆகவே நம் நாட்டின் தென்பகுதி உறுதியான பழம்பாறையால் ஆனது என்பது உண்மையே எனினும், அது அசையவே அசையாது என்பது உண்மையன்று.

அளவு வேறு, அதிர்வு வேறு

செய்தித்தாளில் "ரிக்டர் அளவில் 6" என்று படிக்கிறோம். இந்த எண் நிலநடுக்கத்தின் மொத்த ஆற்றலைக் குறிப்பது. ஒரு நிலநடுக்கத்துக்கு ஓர் அளவே உண்டு. அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். ஆனால் அதிர்வு ஊருக்கு ஊர், ஏன், தெருவுக்குத் தெரு வேறுபடும்.

இதை ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கொண்டு விளக்கலாம். விளக்கின் ஒளி ஆற்றல் ஒன்றுதான். ஆனால் அருகில் அமர்ந்தவர் புத்தகம் படிக்கலாம். பந்தலின் கடைசியில் இருப்பவருக்கு முகமே தெரியாது. விளக்கின் ஆற்றல் நிலநடுக்கத்தின் அளவைப் போன்றது. நம் புத்தகத்தின்மேல் விழும் வெளிச்சம் நம் மனையில் ஏற்படும் அதிர்வைப் போன்றது.

2004 டிசம்பர் 26ஆம் நாளை நம் மாவட்டத்தில் மறந்தவர் யார்? கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், நம் நேரப்படி காலை 6.28 மணியளவில், சுமத்ரா தீவின் அருகே 9.1 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. அது வெளிப்படுத்திய ஆற்றல் 2001இல் பாண்டிச்சேரிக்கு அருகே நிகழ்ந்ததைவிட ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மடங்கு அதிகம். எனினும் 2,000 கி.மீ. தொலைவைக் கடந்து வந்த அந்த அதிர்வு நம் வீடுகளை இடிக்கவில்லை. அதன்பின் வந்த கடல் அலையே தேவனாம்பட்டினம் முதல் பிச்சாவரம் வரை நம் கடற்கரை ஊர்களைத் தாக்கி, நம் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்தது. கடலோர மனைக்குச் சுனாமியைப் பற்றிய ஆய்வும் தேவை என்பதை இது காட்டுகிறது. அது தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே நாம் காண்பது நில அதிர்வை மட்டுமே.

அதிர்வின் கடுமையை மக்கள் உணர்ந்ததையும் வீடுகள் அடைந்த சேதத்தையும் கொண்டு படிகளாக வகுத்தவர்களுள் புகழ்பெற்றவர் ஜுசெப்பே மெர்கல்லி என்ற இத்தாலியர். அவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது நமக்குப் பெருமை தருவதாகும். விஞ்ஞானமும் விசுவாசமும் ஒன்றையொன்று பகைப்பவை அல்ல என்பதற்கு அருட்தந்தை மெர்கல்லியின் வாழ்க்கை ஒரு சான்று. 1914ஆம் ஆண்டில் காலமாகும்வரை அவர் வெசுவியஸ் எரிமலை ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தார்.

கருவிகள் வந்தபின் பொறியாளர்கள் அதிர்வை முடுக்கத்தால் அளக்கின்றனர். பேருந்து திடீரெனப் புறப்படும்போது நம்மைப் பின்னுக்குத் தள்ளுகிறதே, அதுபோல் நிலம் திடீரென நகரும்போது கட்டடம் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. அந்த முடுக்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தோடு ஒப்பிட்டு, நூற்றில் இத்தனை பங்கு என்று கூறுவது வழக்கம்.

ஒரு மனையின் அதிர்வை மதிப்பிட மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

முதற் கேள்வி: எங்கே, எவ்வளவு பெரிது?

மனையைச் சுற்றிப் பல நூறு கிலோமீட்டர் வரையில் இதற்குமுன் எங்கெங்கே நிலநடுக்கங்கள் நிகழ்ந்தன, நிலத்தடியில் பிளவுகள் எங்கே உள்ளன என்று முதலில் பட்டியல் எடுக்கின்றனர். பழைய ஆவணங்களும் நிலநடுக்கப் பதிவுக் கருவிகளும் இதற்கு உதவுகின்றன. பிறகு, இத்தனை ஆண்டுகளில் இந்த அளவுள்ள நிலநடுக்கம் வர எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று கணக்கிடுகின்றனர்.

இங்கே ஒரு பிழையான எண்ணத்தைத் திருத்த வேண்டும். "475 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அதிர்வு" என்று பொறியாளர்கள் சொல்வார்கள். அது 475 ஆண்டுகள் காத்திருந்து வரும் என்று பொருளன்று. ஓர் ஆண்டில் வர 475இல் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். 50 ஆண்டுகள் நிற்கும் கட்டடத்துக்கு இதைக் கணக்கிட்டால் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து. பத்துச் சீட்டுகளில் ஒன்று நம் பெயருக்கு விழும் குலுக்கலை நாம் அலட்சியம் செய்வோமா?

ஒவ்வொருவரும் இக்கணக்கைத் தனித்தனியே செய்ய முடியாது என்பதால் அரசு இந்தியத் தர நிர்ணய விதிகளை வகுத்துள்ளது. நிலநடுக்கத்துக்குரிய விதி ஐ.எஸ். 1893 எனப்படும். அதன் முதற்பதிப்பு 1962ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2002ஆம் ஆண்டுப் பதிப்பு நாட்டை இரண்டு முதல் ஐந்து வரை எண்ணிட்ட நான்கு மண்டலங்களாகப் பிரித்தது. அதுவரை இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னை அப்போது மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. அந்தப் பதிப்பில் கருதத்தக்க பெரும அதிர்வு இரண்டாம் மண்டலத்துக்கு நூற்றில் 10 பங்கு, மூன்றாவதற்கு 16, நான்காவதற்கு 24, ஐந்தாவதற்கு 36 என்று வைக்கப்பட்டது. இவ்விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் கட்டடம் வரையும் பொறியாளரிடம் அண்மைப் பதிப்பு இருக்க வேண்டும்.

ஆயினும் வரைபடம் மட்டும் போதாது. 1993 செப்டம்பர் 30ஆம் நாள் விடியற்காலையில் மராட்டிய மாநிலம் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரி என்ற ஊருக்கு அருகே 6.2 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. மண் சாந்தில் அடுக்கிய கனத்த கற்சுவர்கள் சரிந்து ஆயிரக்கணக்கானோர் உறக்கத்திலேயே மாண்டனர். அந்நாளைய வரைபடத்தில் அவ்வூர் எந்த மண்டலத்தில் இருந்தது தெரியுமா? எல்லாவற்றிலும் ஆபத்துக் குறைந்ததாகக் கருதப்பட்ட முதல் மண்டலத்தில்!

இரண்டாம் கேள்வி: எவ்வளவு தொலைவு?

அலை தொலைவு செல்லச் செல்ல இரண்டு காரணங்களால் மெலிகிறது. குளத்தில் எறிந்த கல்லின் வட்டங்கள்போல் அது பரவி விரிவது ஒன்று; வழியில் உள்ள பாறை அதன் ஆற்றலில் சிறிது உறிஞ்சிக்கொள்வது மற்றொன்று. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அய்யங்கார், ரகுகாந்த் ஆகிய இருவரும் தென்னிந்தியத் தீபகற்பத்துக்கென ஒரு சூத்திரத்தை 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அளவையும் தொலைவையும் அதில் இட்டால் உறுதியான பாறைத்தளத்தில் அதிர்வு எவ்வளவு இருக்கும் என்று கிடைக்கும். எங்கள் கணித ஆசிரியையின் உதவியுடன் மடக்கைக் கணக்காக அதைச் செய்து பார்த்தேன். 6 அளவுள்ள நிலநடுக்கத்துக்குக் கிடைத்த விடை இது:

25 கி.மீ. தொலைவில்: நூற்றில் ஏறத்தாழ 19 பங்கு
50 கி.மீ. தொலைவில்: ஏறத்தாழ 8 பங்கு
100 கி.மீ. தொலைவில்: ஏறத்தாழ 3 பங்கு

தொலைவு இரட்டித்தால் அதிர்வு பாதிக்கும் கீழே குறைவதைக் காண்க. அடுத்து, 2001ஆம் ஆண்டு நிலநடுக்கத்தை எடுத்துக்கொண்டேன். அட்லஸில் அளவுகோல் வைத்துப் பார்த்தால் அது நிகழ்ந்த இடம் கடலூரிலிருந்து ஏறத்தாழ 55 கி.மீ.; சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 85 கி.மீ. சூத்திரப்படி கடலூருக்கு நூற்றில் 4 பங்குக்குச் சற்று மேல். சிதம்பரத்துக்கு இரண்டரைப் பங்குக்குச் சற்றுக் கீழ்.

சூத்திரம் தருவது நடுத்தரமான மதிப்பு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உண்மையான அதிர்வு அதைப்போல் 1.6 மடங்காகவும் இருக்கலாம், 1.6இல் ஒரு பங்காகவும் இருக்கலாம். அதனையும் தாண்டுவது உண்டு. ஆகவே ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு "இதற்குமேல் வராது" என்று சொல்பவர் அறிவியல் அறிந்தவர் ஆகார்.

இந்தக் கணக்கு என் புதிரைத் தீர்க்கவில்லை, இன்னும் கடினமாக்கியது! பெரியம்மாவுக்கு அல்லவா இரு மடங்கு அதிர்ச்சி தெரிந்திருக்க வேண்டும்? இங்கேதான் மூன்றாம் கேள்வி வருகிறது.

மூன்றாம் கேள்வி: அடியில் என்ன மண்?

சூத்திரம் பாறைக்கு உரியது. நம் சிதம்பரத்திலோ பாறை பல நூறு மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. மேலே இருப்பதெல்லாம் ஆறுகள் கொண்டுவந்த படிவுகள். கேப்பர் மலை அப்படியன்று. அது கடலூர் மணற்கல் என்று புவியியல் நூல்களில் நம் ஊர்ப் பெயராலேயே வழங்கும் இறுகிய செம்மணற்கல்லால் ஆனது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே மூடியிருப்பதும் இதே வகை மணற்கல்லே.

ஒரு தட்டில் செங்கல்லையும் இன்னொரு தட்டில் கேழ்வரகுக் களியையும் வைத்து இரண்டையும் ஒரே அளவு ஆட்டிப் பாருங்கள். செங்கல் தட்டோடு சேர்ந்து அசையும். களியோ தட்டைவிட அதிகமாகத் தளும்பும். தட்டு நின்ற பிறகும் ஆடும். மெல்லிய மண்ணும் அத்தகையது. அலை உறுதியான தளத்திலிருந்து மெல்லிய மண்ணுக்குள் நுழையும்போது அதன் வேகம் குறைகிறது, வீச்சு கூடுகிறது.

இதற்கு உலகறிந்த சான்று மெக்சிகோ நகரம். 1985 செப்டம்பர் 19ஆம் நாள் 350 கி.மீ.க்கும் அதிகமான தொலைவில், பசிபிக் கரையோரத்தில் நிலநடுக்கம் நிகழ்ந்தது. நகரின் ஒரு பகுதி பழைய ஏரிப்படுகையின் களிமண்மேல் அமைந்தது. அங்கே பதிவான அதிர்வு, அதே நகரின் உறுதியான தரையில் பதிவானதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. நம் நாட்டில், 2001 ஜனவரி 26ஆம் நாள் குஜராத்தில் பூஜ் நகருக்கருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போது 200 கி.மீ.க்கும் அப்பால் சபர்மதி ஆற்று வண்டலின்மேல் நிற்கும் அகமதாபாத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பல விழுந்தன. கீழ்த்தளத்தைச் சுவரின்றி வெறும் தூண்களாக விட்டு வாகனம் நிறுத்த இடம் செய்திருந்தது அதற்கு மற்றொரு காரணம்.

மணற்கல்மேல் இருந்த பெரியம்மா குறைவாகவும், வண்டல்மேல் இருந்த தாயார் அதிகமாகவும் உணர்ந்ததன் காரணம் இப்போது விளங்குகிறதன்றோ? இருவரின் நினைவு மட்டும் அளவீடு ஆகாது என்று எங்கள் ஆசிரியை எச்சரித்தார். ஒருவர் மாடியில் இருந்திருக்கலாம், மற்றவர் தெருவில் நடந்துகொண்டிருந்திருக்கலாம். அது சரியே. எனினும் மண் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை அவர்களின் அனுபவம் சரியாகவே காட்டுகிறது.

மணிக்கயிறு கற்பிக்கும் பாடம்

நம் சிற்றாலயத்தின் பெரிய மணியை ஆறாம் வகுப்புச் சிறுமியும் அடித்துவிடுவாள். ஒரே இழுப்பில் முடியாது. மணி திரும்பி வரும் நேரம் பார்த்துச் சிறிது சிறிதாக இழுத்தால் ஆட்டம் பெருகிப் பெரிதாகும். இதுவே ஒத்ததிர்வு.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் இயல்பான அலைவு நேரம் உண்டு. தோராயமாக, மாடி ஒன்றுக்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு எனலாம். மண் அடுக்குக்கும் அலைவு நேரம் உண்டு. அதன் தடிமனை நான்கால் பெருக்கி, குறுக்கலை அதில் செல்லும் வேகத்தால் வகுத்தால் அது கிடைக்கும். சான்றாக, 24 மீட்டர் தடிமனுள்ள மெல்லிய மண்ணில் குறுக்கலை விநாடிக்கு 160 மீட்டர் சென்றால், 4 x 24 / 160 = 0.6 விநாடி. அந்த மண்மேல் ஆறு மாடிக் கட்டடம் எழுப்பினால் அதன் அலைவு நேரமும் ஏறத்தாழ 0.6 விநாடி! நிலம் தானே மணிக்கயிற்றைத் தாளந்தவறாமல் இழுப்பதற்கு ஒப்பாகும். மெக்சிகோவில் மிகுதியாகச் சேதமுற்றவை ஆறு முதல் பதினைந்து மாடி வரையிலான கட்டடங்களே.

இதை வீட்டிலும் சோதிக்கலாம். 15, 30, 45 சென்டிமீட்டர் நீளமுள்ள மூன்று மெல்லிய தகடுகளை ஒரு மரக்கட்டையில் செங்குத்தாக நிறுத்தி, உச்சியில் ஒரே அளவு களிமண் உருண்டையை ஒட்டுங்கள். கட்டையை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினால் நெடியது மட்டும் மிகுதியாக ஆடும். வேகத்தைக் கூட்டினால் அது அடங்கி, நடுவில் உள்ளது ஆடும். மேலும் கூட்டினால் குட்டையானதன் முறை வரும்.

மணல் நீராக மாறும் விந்தை

தளர்ந்த மணல், அதன் இடைவெளி முழுவதும் நீர், அதன்மேல் அதிர்வு: இம்மூன்றும் கூடினால் மண் சற்று நேரம் கூழ்போல் ஆகிவிடும். மணல்துகள்கள் நெருங்க முயலும்போது இடையில் உள்ள நீர் வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறி, துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கிவிடுவதே காரணம். 1964ஆம் ஆண்டு ஜப்பானில் நீகாட்டா நகரில் அடுக்குமாடி வீடுகள் உடையாமலேயே பொம்மைகள்போல் சாய்ந்து படுத்தன. 1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்திலும் பரந்த சமவெளியில் கட்டடங்கள் மண்ணுக்குள் அமிழ்ந்தும் சாய்ந்தும் போயின.

ஒரு வாளியில் ஆற்றுமணலைத் தளர்வாகக் கொட்டி, மேல்மட்டம் வரை நீர் ஊற்றி, அதன்மேல் ஒரு செங்கல்லை நிறுத்துங்கள். வாளியின் பக்கத்தைத் தொடர்ந்து தட்டினால் செங்கல் சாய்ந்து அமிழ்வதைக் காணலாம். சில அடி தோண்டினாலே நீர் ஊறும் நம் கடற்கரை ஊர்களில் இச்சோதனையை யாரும் வேடிக்கையாக மட்டும் பார்க்கலாகாது.

மண்ணை எப்படிக் கேட்பது?

மனையில் துளையிட்டு, ஒரு குழாயை உள்ளே நிறுத்தி, 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடுகின்றனர். முதல் 15 சென்டிமீட்டரை விட்டு, அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவைப்பட்டது என்று எண்ணுகின்றனர். மணலில் 10 அடிக்குள் இறங்கினால் அது தளர்ந்தது. 30 அடிக்கு மேல் வேண்டியிருந்தால் இறுகியது. இவ்வாறு சிறிது சிறிதாக ஆழத்தில் சென்று மண்ணின் வகையையும் நீர்மட்டத்தையும் குறிக்கின்றனர். பெரிய கட்டடங்களுக்கு 30 மீட்டர் ஆழம் வரை குறுக்கலையின் வேகத்தையும் அளப்பதுண்டு.

ஒரு சிறு கணக்கு

நம் பள்ளியைப் போன்ற இரண்டு மாடிக் கான்கிரீட் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எடை 1,000 டன் என்க. மேற்கூறிய 2002ஆம் ஆண்டு விதிப்படி மண்டல எண்ணில் பாதியை வடிவமைப்புக்கு எடுக்க வேண்டும். பள்ளியும் மருத்துவமனையும் பலர் உயிரைத் தாங்குபவை ஆதலால் ஒன்றரை மடங்கு காக்க வேண்டும். குட்டையான கட்டடம் நிலத்தைவிட இரண்டரை மடங்கு அதிரும். சாதாரணச் சட்டகக் கட்டடம் வளைந்து கொடுக்கும் தன்மைக்காக மூன்றால் வகுக்கலாம்.

இரண்டாம் மண்டலம்: 0.05 x 1.5 x 2.5 / 3 = 0.0625. அதாவது 62.5 டன் பக்கவாட்டுத் தள்ளல்.
மூன்றாம் மண்டலம்: 0.08 x 1.5 x 2.5 / 3 = 0.10. அதாவது 100 டன்.

குட்டையான கட்டடத்துக்கு மண் வகை இக்கணக்கை மாற்றுவதில்லை. ஆனால் ஒரு விநாடி அலைவு நேரமுள்ள உயர்ந்த கட்டடத்துக்குப் பாறையில் 1 என்றால், நடுத்தர மண்ணில் 1.36, மெல்லிய மண்ணில் 1.67 என்று கொள்ள விதி சொல்கிறது. மண்ணைப் பார்க்காமல் பாறை என்று எழுதிவிட்டால் தேவையான வலிமையில் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துபோகும். தாளில் ஒரு சொல். தூணில் எத்தனையோ கம்பிகள்!

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, மனை வாங்குமுன் ஊர்ப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். குட்டையா, வாய்க்காலா, வயலா என்று அவர்களின் நினைவு சொல்லும்.

இரண்டாவது, மண் பரிசோதனையை வீண்செலவு என்று எண்ணலாகாது. பந்தலுக்கும் விருந்துக்கும் செலவிடத் தயங்காத நாம், கடைக்காலுக்கு முன் ஒரு துளையிடத் தயங்கலாமா?

மூன்றாவது, கொட்டிய மண்ணின்மேல் கடைக்கால் நிற்கக் கூடாது. அதைத் தாண்டி உறுதியான மண் வரை இறங்க வேண்டும். ஆழம் மிகுதியாயின் பொறியாளர் சொல்லும் பைல் அடித்தளம் போட வேண்டும்.

நான்காவது, செங்கல் வீடாயினும் அடிமட்டத்திலும் லிண்டல் மட்டத்திலும் சுவர் முழுவதையும் சுற்றி விடுபடாமல் கான்கிரீட் பட்டை ஓட வேண்டும். கூடையின் வாய்க்கட்டுப்போல் அது நான்கு சுவர்களையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

ஐந்தாவது, கீழ்த்தளத்தை வெறும் தூண்களாக விடுவோர் அத்தூண்களுக்கும் குறுக்குச் சுவர்களுக்கும் உரிய கணக்கைப் பொறியாளரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

முடிவுரை

பூஜ் நிலநடுக்கத்தன்று அஞ்சார் என்ற ஊரில் குடியரசு நாள் ஊர்வலம் சென்ற பள்ளிப் பிள்ளைகள், தெருவின் இருபுறமும் சரிந்த கட்டடங்களுக்குள் புதையுண்டனர். கையில் கொடி பிடித்து நடந்த நம் வயதுப் பிள்ளைகள் அவர்கள். அந்தக் கட்டடங்களை அவர்கள் கட்டவில்லை. மண்ணைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. பெரியவர்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கு அவர்கள் விடை சொல்ல நேர்ந்தது. இதை நினைக்கும்போது, நில அதிர்வை மதிப்பிடுவது வெறும் கணக்கு அன்று, அயலாரிடம் காட்டும் அன்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

நிலநடுக்கம் எந்நாளில் எந்நேரத்தில் வரும் என்று முன்கூட்டியே சொல்ல இன்றும் எவராலும் இயலாது. ஆனால் வந்தால் இந்த மண் எவ்வளவு அதிரும் என்று மதிப்பிட இயலும். இயன்றதைச் செய்துவிட்டு இயலாததற்காக இறைவனிடம் மன்றாடுவதே முறை.

இக்கட்டுரையை வீட்டில் படித்துக் காட்டினேன். தந்தையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முன்பணம் கொடுக்குமுன் மண்ணைப் பார்த்துவிடுவோம்" என்றார். தாத்தா என்னைப் பார்த்துச் சிரித்தார். பாறை இல்லாத ஊரிலும் பாறையின்மேல் கட்டிய அந்த மனிதனைப்போல் வாழ வழி உண்டு, தோழியரே. கட்டுமுன் மண்ணைக் கேளுங்கள்.